கூடவே இருந்து பாத்துக்குங்க

"ஓய்வூதியம் பற்றி அறிய எண் ஒன்றை அழுத்தவும். வீட்டுக் கடனுக்கு எண் இரண்டு. பிள்ளைகளின் கல்வி உதவிக்கு எண் மூன்று."

வண்டி டீச்சர் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு பயிற்சிக் காரின் மேல் சாய்ந்து நின்றாள். மைதானம் வெயிலில் வறண்டு கிடந்தது. ரிவர்ஸ் பழகுவதற்காக அவள் நட்டு வைத்திருந்த கம்பங்களில் ஒன்றை யாரோ இடித்துச் சாய்த்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். அதனால் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கொழுந்தன் பெண்டாட்டிகூட வண்டி டீச்சர் என்றுதான் சொல்வாள்.

போன் எட்டு வரை எண்ணி முடித்தது. என் புருஷன் செத்துப்போயிடுவாரோன்னு பயமா இருக்கு, அதுக்கு எதை அழுத்தறது? அதற்கு எண் இல்லை. "பிற விவரங்களுக்கு எண் ஒன்பது" என்றதும் ஒன்பதை அழுத்தினாள். பாட்டு ஓடியது. அது முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. எரிச்சலில் அவள் கார் டயரை எட்டி உதைத்த நேரத்தில்தான் ஒரு பையன் குரல் வந்தது.

"முன்னாள் படைவீரர் நல அலுவலகம். சொல்லுங்கம்மா."

"என் வீட்டுக்காரருக்காகப் பேசறேன் தம்பி. பட்டாளத்துல இருந்தவர். அவருக்கு மனசு சரியில்ல. ஏதாவது பண்ணிக்குவாரோன்னு இருக்கு."

"அவரையே பேசச் சொல்லுங்கம்மா. அவர் வாயால கேட்டாத்தான் நாங்க பதிவு பண்ண முடியும்."

"அவர் வாயைத் திறந்து கேக்கற ஆளா இருந்தா நான் எதுக்குய்யா வெயில்ல நின்னு பாட்டு கேட்டுக்கிட்டிருக்கேன்?"

பையன் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "வர்ற மாசம் டாக்டர் வருவாரும்மா. அதுவரைக்கும் கூடவே இருந்து பாத்துக்குங்க."

வண்டி டீச்சருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. அந்த வாரத்தில் எத்தனை பேர் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள்!

அவள் புருஷன் பட்டாளத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்தவர். முதுகில் ரேடியோப் பெட்டியைச் சுமந்துகொண்டு மலையும் காடும் அலைந்தவர். கூட இருந்தவர்கள் அவருக்கு வைத்த பேர் வயர்லெஸ். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையை மட்டும் நீட்டுகிற மனுஷனுக்குப் பட்டாளத்தில் பேச்சே பிழைப்பாக இருந்தது என்பது வண்டி டீச்சருக்கு என்றைக்கும் சிரிப்புதான். ஓய்வு பெற்று வந்தபின் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். ஒட்டகத்தின் சாவுக்குப் போய் வந்த பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டார்.

ஒட்டகம் அவரோடு ஒரே பிரிவில் இருந்தவன். நெட்டைக் கழுத்துக்காரன். வாசலில் இருந்தவர்கள் மாரடைப்பு என்று சொன்னார்கள். உள்ளே சமையல்கட்டில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வேறு சொன்னார்கள்: தானாகத் தேடிக்கொண்ட சாவு. வாசலில் நின்ற ஆண்களுக்கும் அது தெரிந்துதான் இருந்தது, ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வயர்லெஸ் எங்கும் நிறுத்தாமல் வண்டி ஓட்டினார். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போனது, சாப்பாடு போனது. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு ஒருநாள் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. சவரம் செய்தார், சிரித்தார். சொட்டிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் எந்தத் திருகை எப்படித் திருப்ப வேண்டும் என்று அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். விடுதியில் படிக்கும் மகளுக்குத் தன் கைக்கடிகாரத்தை அனுப்பினார். யாரையும் தொட விடாத தன் கருவிப் பெட்டியைத் தம்பி கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "வெச்சுக்க, உனக்கு உதவும்" என்று கொடுத்துவிட்டு வந்தார்.

சொந்தக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆளு தெளிஞ்சிட்டாருல்ல!" என்றார்கள். வண்டி டீச்சர் மட்டும் அவர் கொடுத்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். கடையைக் காலி பண்ணுகிறவன் ஒவ்வொரு சாமானாக ஆளுக்கொன்று கொடுப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

முதலில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் கொழுந்தனிடம்தான் போனாள்.

"அண்ணி, நீங்க வேற! குண்டு மழையில நின்னவன் எங்க அண்ணன். எதுக்கும் பயப்படாதவன்."

"பயப்படாத ஆளுங்கறதுதான் தம்பி எனக்குப் பயமா இருக்கு."

கொழுந்தன் வேலையாட்கள் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பேச்சை வீட்டுல எடுக்காதீங்க. நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும். வெளிய தெரிஞ்சா பொண்ணு கல்யாணத்துக்கு வேற இடைஞ்சல். கூடவே இருந்து பாத்துக்குங்க."

வீட்டு அலமாரியில் உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கி ஒன்று பூட்டிய பெட்டியில் இருந்தது. சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். அதை எப்படியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று காவல் நிலையத்தில் போய்க் கெஞ்சினாள். உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவரே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றார் அங்கிருந்த அதிகாரி. "அவர் என்ன, மிரட்டினாரா? அடிச்சாரா? இல்லையில்ல? அப்ப நாங்க என்ன பண்ண முடியும்? நீங்க பாத்துக்குங்கம்மா."

தெருமுனை டாக்டர் அவள் சொல்லி முடிப்பதற்குள் தூக்க மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டர், இந்த நேரத்துல வீட்டுல மாத்திரையைச் சேத்து வைக்கச் சொல்றீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "அப்ப நீங்கதான் கூட இருந்து..."

"பாத்துக்கணும். தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? பாத்ததைத்தானே உங்க எல்லார்கிட்டயும் வந்து சொல்றேன்?" என்று கத்திவிட்டு எழுந்து வந்தாள்.

இத்தனைக்கும் பிறகுதான் இன்றைக்கு இந்தப் போன். வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த மாணவர் தயாராக நின்றார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர். கிளட்சை விடுவதில் மட்டும் அவருக்குக் கை வராது, கால் வராது. வண்டி மறுபடி மறுபடி உதறி நின்றது.

"எத்தனை தடவைங்க சொல்றது? மெதுவா விடுங்கன்னா மெதுவா விடணும்! உங்களுக்குத் தமிழ் புரியாதா?"

அந்த மனிதர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வண்டி டீச்சருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இந்த ஆளா எனக்கு எதிரி? கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில். அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்கு விட்டாள் வண்டியை.

வயர்லெஸ் கூடத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்கெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "பிரேக்ல சத்தம் வருதுன்னியே, ஓட்டிப் பாத்துடலாமா?" என்றார்.

மாணவர்கள் உட்காரும் இடத்தில் அவர் உட்கார்ந்து ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். அது ஒரு வகையில் வசதியாக இருந்தது.

"உங்களை ஒண்ணு கேக்கணும். நான் நேரா கேக்கறேன். நீங்களும் நேரா சொல்லணும்."

"கேளு."

"செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறீங்களா?"

கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் முறையாக இண்டிகேட்டர் போட்டு, ஒரு டயர் கடை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். கடைக்காரன் ஒரு லாரிச் சக்கரத்தை இரும்புக் கோலால் அடித்துக்கொண்டிருந்தான்.

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? வீட்டு மோட்டாரை எப்படிப் போடறதுன்னு இத்தனை வருஷத்துல இல்லாம இப்ப எனக்குக் கத்துக் குடுத்தீங்க. பொட்டியைத் தூக்கித் தம்பிகிட்ட குடுத்தீங்க. நான் என்ன குருடா?"

அவர் டயர் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா" என்றார். பால் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால் சொல்கிற ஆமாவைப் போல அத்தனை சாதாரணமாக இருந்தது அது.

அழுகை வரும் என்றுதான் வண்டி டீச்சர் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வந்ததோ கோபம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். உனக்கும் நான் பாரம்தான். அப்புறம் முடிவு பண்ணினதும் மனசு லேசாச்சு. எல்லாரும் தெளிஞ்சிட்டேன்னு சந்தோஷப்பட்டாங்க. அதுக்கு மேல யார்கிட்ட போய் என்ன சொல்றது?"

"பாரமா? உங்களுக்காக நான் ஏறாத படி இல்ல, திட்டாத ஆள் இல்ல. பாரம்னு நான் சொன்னேனா? என்னைக் கேட்டீங்களா?" கோபத்தை அடக்கிக்கொண்டாள். "நாள் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"மக லீவுக்கு வந்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

மகள் வர இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. வண்டி டீச்சர் கையை நீட்டினாள். "துப்பாக்கிப் பொட்டிச் சாவி."

அவர் சட்டைப் பையைத் தடவி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வைத்தபின் அவருடைய தோள் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

"என்கிட்ட பேச வேணாம். யார்கிட்ட பேசுவீங்க? ஒருத்தர் பேர் சொல்லுங்க."

"மீசை."

போயும் போயும் மீசையா என்று நினைத்தாள். பட்டாளத்தில் அவரோடு இருந்தவன், பேருக்குத்தான் மீசை, மழுமழுவென்று வழித்த முகம். ஒட்டகத்தின் சாவு வீட்டில் சத்தமாகச் சிரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்த ஆள். விவஸ்தை கெட்டவன் என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தாள். ஆனாலும் அவர் போனை எடுத்து அவளே அழைத்தாள். ஒரே மணியில் எடுத்தான்.

"அண்ணே, நான் வயர்லெஸ் வீட்டுக்காரி. இவர் சாகப் போறேங்கறார்."

சிரிப்போ பதற்றமோ இல்லை. "எங்க இருக்கீங்க? அங்கயே இருங்க. வண்டிச் சாவியை நீ வெச்சுக்க தங்கச்சி. போனை அவன்கிட்ட குடு. நான் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வர்றேன்."

மெத்தைக் கடைக்குச் சரக்கு ஓட்டுகிறவன் மீசை. பாதி இறக்கிய மெத்தைகளோடு வேனை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். காரின் பின் சீட்டில் ஏறி, முன்னால் குனிந்து, வயர்லெஸின் பிடரியில் கையை வைத்தான்.

"டேய். நீ கெடக்கற பள்ளத்துல நானும் கெடந்தவன்தாண்டா. ஒட்டகத்துக்கு ஏணி இருக்குன்னு தெரியல. நாங்க போய்ச் சொல்றதுக்குள்ள ஆளு இல்ல. அங்க சாவு வீட்டுல நான் சிரிச்சேன்ல? சிரிக்கலன்னா அன்னிக்கு நான் விழுந்திருப்பேன்."

வயர்லெஸ் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. இரண்டு பேரும் அவரை அழ விட்டார்கள்.

பிறகு மீசை, உயிரை விட நினைப்பவர்களுக்கான உதவி நம்பர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பாட்டும் இல்லை, எண்ணை அழுத்தச் சொல்லவும் இல்லை. ஒரு பெண் உடனே எடுத்தாள், வண்டி டீச்சர் கேட்ட அதே கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். ஆமா என்று அவர் சொன்னதும், "சொன்னது நல்லதுங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் அங்க சொல்லி வைக்கிறேன்" என்றாள்.

"இந்த நம்பர் இத்தனை நாள் எங்க இருந்துச்சு அண்ணே?"

"என் வேன் கண்ணாடியில ஒட்டியிருக்கு தங்கச்சி."

"வேன்ல ஒட்டியிருக்கு! அந்த ஆபீஸ் பையனுக்குத் தெரியாது, போலீஸ்காரருக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. மெத்தை ஏத்தற வண்டிக்குத் தெரியும்!"

"நானும் அதைத்தான் போற வர்ற ஆபீஸ்ல எல்லாம் கேட்டுக்கிட்டிருக்கேன். காலண்டர் மாட்ட இடம் இருக்கு, இதுக்கு இடமில்லங்கறாங்க."

ஆஸ்பத்திரியிலும் சொல்லி வைத்த சொல் வாசல் வரை வந்து சேரவில்லை. முகப்பில் இருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே, "காயம் எங்க?" என்று கேட்டாள்.

"வெளிய தெரியாது" என்றாள் வண்டி டீச்சர்.

"தெரியாத காயத்துக்கு அவசரப் பிரிவு எதுக்குங்க?"

மீசை வண்டி டீச்சர் கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அங்கே கண்ணுக்குத் தெரிகிற காயம் ஒன்று விழுந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சத்தமில்லாத டிவியில் யாரோ வாயசைத்தார்கள். வயர்லெஸ் எழுந்து போக இரண்டு தடவை பார்த்தார், மீசை இரண்டு தடவையும் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

கடைசியில் ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த இளம் டாக்டரம்மா ஒருத்தி வந்து அவரைத் தனியாக உள்ளே கூட்டிப்போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து வண்டி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும். அவரே சரின்னுட்டார். நீங்க கேட்டதாலதான் சொன்னேன்னார்."

"கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடும்னாங்க டாக்டர்."

"அதெல்லாம் ஆகாதும்மா. ஏற்கெனவே உள்ள இருந்ததுக்கு நீங்க கதவைத் திறந்து விட்டீங்க." ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னாள், "ஒண்ணு மட்டும். இதை நீங்க ஒருத்தரா பாத்துக்க முடியாது. யாராலயும் முடியாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே வண்டி டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வீடு திரும்பிய மறுநாளே மீசையும் வயர்லெஸும் சேர்ந்து போய்த் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல வண்டி டீச்சருக்கும் ஆசைதான். ஆனால் முதலில் கொடுத்த மருந்து அவரை நாளெல்லாம் தூங்க வைத்தது. மாற்றிக் கொடுத்தது வயிற்றைப் புரட்டியது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு கூடத்தில் முன்னாள் வீரர்கள் வாராவாரம் கூடிப் பேசுவார்கள். ஒரு வாரம் போவார், மறுவாரம் "அங்க போய் என்னத்தைப் பேச" என்று படுத்துக்கொள்வார். அவள் கெஞ்சுவாள், திட்டுவாள், பிறகு மீசைக்குப் போன் போடுவாள்.

கொழுந்தனோ, கேட்டவர்களிடம் எல்லாம் "அண்ணனுக்கு வயித்துல ஏதோ கோளாறு" என்று சொல்லி வைத்திருந்தான். வண்டி டீச்சர் அவன் கடைக்கே போய்விட்டாள்.

"வயித்துல இல்ல தம்பி, மனசுல. வயித்துக்கு வந்தா ஊரைக் கூட்டிச் சொல்லுவீங்க, மனசுக்கு வந்தா மூடி வைப்பீங்களா? ஒட்டகத்தையும் இப்படித்தானே மூடினாங்க?"

கொழுந்தன் வேலையாட்கள் முன்னால் தலை குனிந்துகொண்டான். அந்த வாரமே கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து அண்ணன் கட்டிலுக்கடியில் வைத்தான். "எனக்கு இதுல பாதி என்னன்னே தெரியல" என்று மட்டும் சொன்னான். கூட்டத்துக்குக் கூட்டிப் போகிற வேலையையும் அவனே எடுத்துக்கொண்டான். மேலே ஏற மாட்டான். சைக்கிள் கடை வாசலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டுக் கூட்டி வருவான்.

மகள் வந்தாள், நடந்ததைக் கேட்டு அப்பாவோடு சண்டை போட்டாள், அழுதாள், போனாள். மழைக்காலம் வந்தது. வயர்லெஸ் கிடங்கில் பகல் வேலைக்கு மட்டும் போவதாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு நாள் முற்பகலில் வண்டி டீச்சர் மைதானத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கச் சொன்னாள். கதவு பூட்டியிருக்கிறது என்றாள். கொழுந்தனிடம் இல்லை. கிடங்கில் இல்லை. மீசையும் போனை எடுக்கவில்லை. மாணவியை நடு மைதானத்தில் இறக்கிவிட்டுவிட்டு, எங்கே போவது என்றே தெரியாமல் வண்டியை எடுத்தாள். மெத்தைக் கடையில் விசாரித்து, மீசை சரக்கு இறக்கப் போன தெருப் பேரை வாங்கிக்கொண்டு அங்கே திரும்பினாள்.

அடுக்குமாடி வீட்டு வாசலில் மீசையின் வேன் நின்றது. ஒரு பெரிய இரட்டை மெத்தையின் ஒரு முனையில் மீசையும் மறுமுனையில் வயர்லெஸும்.

"எங்க போனீங்க?" அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது. "போன் எங்க? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"சார்ஜ் இல்ல" என்றார் வயர்லெஸ். மெத்தையைக் கீழே வைக்கவும் இடமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். "காலையில எந்திரிச்சப்பவே சரியில்ல. பழைய மாதிரி இருந்துச்சு. உன்கிட்ட சொன்னா வேலையை விட்டுட்டு உக்காந்துடுவே. தனியா இருக்கக் கூடாதுன்னு இவன்கிட்ட வந்துட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?"

"தப்புதான். அடுத்த தடவை உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

வண்டி டீச்சர் இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். அடுத்த தடவை. அப்படியானால் அடுத்த தடவை ஒன்று இருக்கிறது. அதை நினைக்கவே அலுப்பாக இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவரே எழுந்து, அவரே ஒரு ஆளைத் தேடிப் போயிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, சாவியும் வாங்கவில்லை.

"என்கிட்ட முதல்ல சொல்லணும்னு இல்ல," என்றாள். "யார்கிட்டயாவது சொல்லுங்க. அப்புறம் எனக்கும் ஒரு போன். கடன் வாங்கியாவது பண்ணுங்க."

"சரி."

"தங்கச்சி," என்றான் மீசை மெத்தைக்குப் பின்னாலிருந்து, "கை விட்டுப் போகுது. திட்டறதை மேல போய்த் திட்டலாமா?"

மூன்றாவது மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கட்டில் காத்துக்கொண்டிருக்கிறது என்று கூவினார். வண்டி டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் கை கொடுத்தாள். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் மெத்தை சிக்கிக்கொண்டது. இடப்பக்கம் சாய்க்கச் சொன்னான் மீசை, தூக்கச் சொன்னார் வயர்லெஸ், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாள் அவள்.